ஆபிஸுக்கும் காட்டுப் பாதைக்கும் ஒரே வண்டி போதுமா? லேண்ட் ரோவர் தந்த மாரிஸ் வில்க்ஸ் விட்டுச் சென்ற கேள்வி

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபிஸ், ஸ்கூல், மார்க்கெட். சனி, ஞாயிறு வந்தால் மலைப்பாதை, ஆற்று மணல், சேறு. ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் பலரின் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. வண்டி வாங்கிய கொஞ்ச நாளிலேயே அவர்களுக்கு ஒரு தலைவலியும் ஆரம்பிக்கும். ஸ்பிரிங்கை முரட்டுத்தனமாக மாற்றினால் தினசரி ஓட்டத்தில் முதுகு போகிறது. மென்மையாக விட்டால் லோடு ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது.

எதை மாற்றுவது? எவ்வளவு மாற்றுவது?

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. 75 வருஷங்களுக்கு முன்பே ஒரு இன்ஜினியர் இந்த இடத்தில் வந்து நின்றார். உலகமே கொண்டாடிய ஒரு வண்டியைக் கொடுத்தார். ஆனால், தினசரி ஓட்டத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான ஒரு வண்டி அவர் உயிரோடு இருந்தவரை வரவே இல்லை. அவர் பெயர் மாரிஸ் வில்க்ஸ். லேண்ட் ரோவரின் தந்தை என்று அழைக்கப்படுபவர்.

யார் இந்த மாரிஸ் வில்க்ஸ்?

1904 ஆகஸ்ட் 19. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவில் பிறந்தார் மாரிஸ். மால்வெர்ன் கல்லூரியில் படிப்பு. 22 வயதில் அமெரிக்கா போய் ஜெனரல் மோட்டார்ஸில் 2 ஆண்டு வேலை பார்த்தார். திரும்பி வந்து ஹில்மன் கார் கம்பெனியில் சேர்ந்தார். 1930-ல் ரோவர் நிறுவனத்தின் தலைமை இன்ஜினியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 26தான்.

அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் அதற்கு முன்பே ரோவரில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தார். கம்பெனி அப்போது பணக்கஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அண்ணன் கணக்கு வழக்கைப் பார்க்க, தம்பி வண்டியைப் பார்க்க, இருவருமாகச் சேர்ந்து ரோவரைக் கரையேற்றினார்கள். குறைந்த எண்ணிக்கையில், ஆனால் தரமான கார்கள். டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் வாங்குகிற கார் என்று ரோவருக்கு ஒரு பெயர் வந்தது.

சேற்றில் புரளும் வண்டிக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த உறவைப் போர்தான் கொண்டு வந்தது.

ஜெட் இன்ஜினும் ஒரு கசப்பும்

இரண்டாம் உலகப் போர் நேரத்தில், ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் இன்ஜினைத் தயாரிக்கும் பொறுப்பை பிரிட்டிஷ் அரசு ரோவரிடம் கொடுத்தது. மாரிஸின் குழு அந்த வேலையில் இறங்கியது. ஆனால், வடிவமைப்பில் யார் கை ஓங்குவது என்பதில் விட்டிலுக்கும் ரோவருக்கும் கடும் உரசல். கடைசியில் 1943-ல் அந்த ஜெட் வேலை ரோல்ஸ் ராய்ஸுக்குப் போனது. பதிலுக்கு, டாங்கிகளுக்கான மீட்டியார் இன்ஜின் தயாரிப்பு ரோவருக்கு வந்தது.

இதற்கிடையே 1940 நவம்பரில் கோவென்ட்ரி நகரத்தின் மீது ஜெர்மனி குண்டு மழை பொழிந்ததில், அங்கிருந்த ரோவர் தொழிற்சாலை பலமாகச் சேதமடைந்தது. போர் முடிந்ததும் சோலிஹல் என்ற இடத்தில் இருந்த பெரிய தொழிற்சாலைக்கு நிறுவனம் குடிபோனது. அது போர்க்கால உற்பத்திக்காக அரசு கட்டிய இடம். கட்டடம் பெருசு. அதை நிரப்புகிற அளவுக்கு வேலை இல்லை.

இரும்புக்கும் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்து டாலர் கொண்டு வரும் கம்பெனிக்குத்தான் எஃகு என்று அரசு கறாராகச் சொல்லிவிட்டது. ரோவரின் சொகுசு கார்களுக்கு வெளிநாட்டில் அப்படி ஒன்றும் கிராக்கி இல்லை. தொழிலாளர்களுக்கு வேலை வேண்டும், தொழிற்சாலை ஓட வேண்டும். என்ன செய்வது என்பதுதான் 1947-ல் வில்க்ஸ் சகோதரர்கள் முன் நின்ற கேள்வி.

பண்ணையில் ஒரு பழைய ஜீப்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. அங்கே மாரிஸுக்குப் பண்ணை நிலம் இருந்தது. நிலத்து வேலைக்கு அவர் வைத்திருந்தது, போரில் மிச்சமாகி விற்பனைக்கு வந்த ஒரு அமெரிக்க வில்லிஸ் ஜீப்.

வயலில் இழுக்கும், மணலில் ஓடும், கடைத்தெருவுக்கும் போகும். ஆனால் அது தேய்ந்து போனால் அடுத்து என்ன வாங்குவது? ஜீப்பை விட்டால் வேறு வண்டியே கிடையாது. உள்ளூரில் அப்படி ஒன்றை யாரும் செய்யவில்லை.

நாமே செய்தால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. ஆங்கிள்சியின் ரெட் வார்ஃப் விரிகுடா கடற்கரையில், அண்ணனுக்குக் காட்டுவதற்காக ஈர மணலில் மாரிஸ் கோடு கிழித்து வண்டியின் வடிவத்தை வரைந்தார் என்பது லேண்ட் ரோவர் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காட்சி. அடுத்த அலையில் படம் அழிந்திருக்கும். யோசனை அழியவில்லை.

1947 கோடையிலேயே முதல் மாதிரி வண்டி தயார். ஜீப்பின் சேஸிஸ், ஜீப்பின் ஆக்சில், அதன் மேல் ரோவர் இன்ஜின். ஸ்டீயரிங் நட்டநடுவில் இருந்தது. டிராக்டர் மாதிரி வயலில் ஓட்டவும், இடது வலது என்று எந்த நாட்டுச் சாலை விதிக்கும் பொருந்தவும் அப்படி ஒரு முயற்சி. நடைமுறையில் சரிப்படவில்லை என்று கைவிட்டார்கள்.

1948 ஏப்ரல் 30. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. விலை 450 பவுண்டு. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி, ஜீப்பில் இருந்த அதே 80 அங்குலம்.

இல்லாததை வைத்து ஒரு வண்டி

இந்த வண்டியின் ஒவ்வொரு பாகத்திலும் பஞ்சத்தின் கைரேகை தெரியும். எஃகு கிடைக்காததால் உடம்பு முழுக்க பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகடு. தகட்டை வளைத்து அழுத்தப் பெரிய அச்சுகள் செய்யக் காசு இல்லாததால் எல்லாம் தட்டையான வடிவம். சேஸிஸுக்கு எஃகுப் பட்டைகளை வெட்டி, பெட்டி மாதிரி சேர்த்து வெல்டிங். பெயின்ட்கூட ராணுவத்தில் மிச்சமான பச்சைதான்.

அலுமினியம் துருப்பிடிக்காது, பெட்டி சேஸிஸ் முறுக்கினாலும் தாங்கும் என்பதெல்லாம் பின்னால் லேண்ட் ரோவரின் பெருமைகளாக மாறின. ஆனால் முதலில் அவை இல்லாமையில் இருந்து பிறந்தவை.

சஸ்பென்ஷனும் அப்படித்தான்.

பிளேட் ஸ்பிரிங் ஏன் வைத்தார்கள்?

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால், வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். மெக்கானிக் கடையில் பிளேட் என்பார்கள். லீஃப் ஸ்பிரிங் என்பது அதுதான். ஜீப்பில் இருந்த அதே முறையைத்தான் மாரிஸின் வண்டியிலும் நான்கு சக்கரங்களுக்கும் வைத்தார்கள்.

காரணம் எளிது. பிளேட் ஸ்பிரிங் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்யும். ஒன்று, வண்டியின் எடையைத் தாங்கும். இரண்டு, ஆக்சிலை முன்னே பின்னே, இடம் வலம் நகரவிடாமல் பிடித்து வைக்கும். மூன்று, பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசுவதால் குலுங்கலையும் ஓரளவு அடக்கும். தனியாக எந்தக் கம்பியும் கையும் தேவையில்லை. பாலைவனத்தில் ஒரு பிளேட் உடைந்தாலும் உள்ளூர் கொல்லர் சரி செய்துவிடுவார்.

கையில் காசும் நேரமும் இல்லாத 1947-ல் இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

அப்புறம் என்ன பிரச்சினை?

பிளேட்டின் பலமே அதன் பலவீனம். முழு லோடைத் தாங்கும் அளவுக்கு அதை விறைப்பாக வைத்தால், வண்டி காலியாக இருக்கும்போது அது மடங்கவே மடங்காது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் அடி நேராக முதுகில் விழும். விவசாயிக்கு அது பெரிய விஷயம் இல்லை. அவர் டிராக்டரில் உட்கார்ந்தவர். தினமும் 50 கிலோமீட்டர் தார் ரோட்டில் போய் வருபவருக்கு அது தண்டனை.

சொகுசு மட்டும்தான் போகிறது என்றில்லை. கரடுமுரடான பாதையிலேயே விறைப்பான ஸ்பிரிங் காலை வாரும். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது இன்னொரு சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட வேண்டும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் அந்தச் சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும்.

சாதாரண டிஃபரன்ஷியலில், அந்தரத்தில் தொங்கும் சக்கரம் சும்மா சுற்றும். தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவை போகாது. வண்டி அங்கேயே நிற்கும். ஆக, காட்டுப் பாதைக்கு முரட்டு ஸ்பிரிங்தான் வேண்டும் என்ற நம்பிக்கை பாதி உண்மைதான். சக்கரம் தரையை விடாமல் பிடித்திருப்பதுதான் முக்கியம்.

வீட்டு வண்டியாக்க 2 முயற்சி

லேண்ட் ரோவர் ஓஹோவென்று விற்றது. இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய வண்டி, சில ஆண்டுகளிலேயே ரோவர் கார்களின் விற்பனையைத் தாண்டியது. தொழிற்சாலை பிழைத்தது. விவசாயிகள், ராணுவங்கள், ஐ.நா. அமைப்புகள், பயணக் குழுக்கள் என்று வண்டி உலகம் சுற்றியது.

இதைக் குடும்பமாக உட்கார்ந்து போகும் வண்டியாக மாற்ற முடியாதா என்ற ஆசை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அறிமுகமான அதே 1948-ல், மரச்சட்டம் போட்ட 7 பேர் உட்காரும் ஸ்டேஷன் வேகன் வந்தது. உடம்பைக் கட்டிக் கொடுத்தது டிக்ஃபோர்டு என்ற நிறுவனம். மேலே மெத்தை சீட்டு. கீழே அதே பிளேட் ஸ்பிரிங். பயணிகள் வண்டி என்பதால் பிரிட்டனில் வரி வேறு ஏறி, விலை எகிறியது. மொத்த விற்பனை எழுநூறைக்கூட எட்டவில்லை. 1951-ல் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த முயற்சி ரோடு ரோவர். 1950-களின் தொடக்கத்தில், மாரிஸ் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த காலத்தில், ரோவர் காரின் அடித்தளத்தில் அகலமான வேகன் உடம்பை ஏற்றிப் பார்த்தார்கள். வேலை செய்தவர் கார்டன் பாஷ்ஃபோர்டு. முதல் லேண்ட் ரோவரின் அடிப்படை அமைப்பை வரைந்தவரும் இவர்தான். ஆனால் இந்த வண்டியில் பின் சக்கர இழுவை மட்டும்தான். ரோட்டில் சரி. சேற்றில் லேண்ட் ரோவரின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பல ஆண்டுகள் இழுத்தடித்து, 1958-ல் திட்டத்தை மூட்டை கட்டினார்கள்.

முதல் முயற்சியில் காட்டு வண்டிக்கு வீட்டு உடை போட்டார்கள். இரண்டாவதில் வீட்டு வண்டிக்குக் காட்டு உடை போட்டார்கள். சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருப்பதை இரண்டு தடவையும் புதிதாக யோசிக்கவில்லை.

இதே மாரிஸின் தலைமையில்தான் ரோவர் 1950-ல், உலகின் முதல் கேஸ் டர்பைன் கார் என்று பெயர் பெற்ற ஜெட் 1-ஐ ஓட்டிக் காட்டியது. ஜெட் இன்ஜினைக் காரில் வைத்து ஓட்டியவர்களுக்கு இந்தச் சஸ்பென்ஷன் கணக்கு மட்டும் கை கூடவில்லை.

1963 செப்டம்பர் 8

1956-ல் கூட்டு நிர்வாக இயக்குநர், 1960-ல் நிர்வாக இயக்குநர், 1962-ல் அண்ணன் ஓய்வு பெற்றதும் ரோவரின் தலைவர் என்று மாரிஸ் படிப்படியாக உச்சிக்கு வந்தார். அந்தத் தலைவர் நாற்காலியில் அவர் அதிக நாள் உட்காரவில்லை.

1963 செப்டம்பர் 8-ம் தேதி, அதே ஆங்கிள்சி தீவில் காலமானார். வயது 59. அந்தத் தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த மாதமே ரோவர் 2000 என்ற புதிய கார் அறிமுகமானது. நீளமாக ஏறி இறங்கும் மென்மையான சஸ்பென்ஷனுக்குப் பேர் வாங்கிய கார். மாரிஸின் காலத்தில் தொடங்கிய வேலை அது. மக்கள் அதில் சவாரி போனதைப் பார்க்க அவர் இல்லை. அதை உருவாக்கிய குழுவில் பாஷ்ஃபோர்டோடு இன்னொருவரும் இருந்தார். பெயர் ஸ்பென் கிங். மாரிஸின் சகோதரி மகன்.

மாமா விட்ட கேள்வி, மருமகன் சொன்ன பதில்

ஸ்பென் கிங் சாதாரண ஆள் இல்லை. ஜெட் 1 காரை 1952-ல் பெல்ஜியத்தில் மணிக்கு 152 மைல் வேகத்தில் ஓட்டியவர். அவரும் பாஷ்ஃபோர்டும் 1960-களின் நடுவில் ஒரு புதிய வண்டியைக் கையில் எடுத்தார்கள். லேண்ட் ரோவரின் பலம், காரின் சொகுசு. இரண்டு தடவை தோற்ற அதே கனவு.

இந்த முறை கீழே இருந்து தொடங்கினார்கள். பிளேட்டைத் தூக்கிவிட்டு, நான்கு பக்கமும் நீளமான, மென்மையான காயில் ஸ்பிரிங் வைத்தார்கள். ஆனால் சுருள் ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். ஆக்சிலைப் பிடித்து வைக்காது. அதனால் முன்னால் ஆக்சிலைப் பிடிக்க ரேடியஸ் ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் இருக்க பான்ஹார்டு ராடு. பின்னால் இரண்டு நீளக் கம்பிகள், நடுவில் ஆங்கில ஏ எழுத்து வடிவத்தில் ஒரு சட்டம். குலுங்கலை அடக்கத் தனியாக ஷாக் அப்சார்பர். பிளேட் ஒருத்தராகப் பார்த்த வேலையை இப்போது ஒரு குழுவே பார்த்தது.

சரி, ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் லோடு ஏற்றும்போது பின்பக்கம் உட்காருமே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பின் ஆக்சிலின் நடுவில், வண்டி ஓடும்போது தானாகவே உயரத்தைச் சமன் செய்யும் ஒரு கருவி. பெயர் போகே ஹைட்ரோமாட். காலி வண்டிக்கு மென்மை, லோடு வண்டிக்குத் தாங்கும் பலம். மாரிஸின் காலத்தில் முரண்டு பிடித்த இரண்டும் ஒரே வண்டிக்குள் வந்தன.

1970 ஜூன் மாதம் ரேஞ்ச் ரோவர் வெளிவந்தது. 3.5 லிட்டர் வி8 இன்ஜின், எப்போதும் நான்கு சக்கர இழுவை, நான்கிலும் டிஸ்க் பிரேக். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளும் சீட்டும் தரையும். காலையில் வயலுக்கும் மாலையில் ஊருக்குள் விருந்துக்கும் ஒரே வண்டியில் போகலாம் என்ற நிலை வந்தது.

குறையே இல்லையா? இருந்தது. மென்மையான ஸ்பிரிங்கால் வளைவில் வண்டி நன்றாகச் சாயும். சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் ஆரம்பகால ரேஞ்ச் ரோவரில் கிடையாது. அதை வைத்தால் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சுதந்திரம் குறையும். ரோட்டுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்து, காட்டுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் கிடைக்கிற சஸ்பென்ஷன் என்று ஒன்று கிடையாது.

மாரிஸின் அசல் லேண்ட் ரோவர் மட்டும் பிளேட்டோடு ஓடிக்கொண்டே இருந்தது. 1983-ல் 110 மாடல் வந்தபோதுதான் அதற்கும் காயில் ஸ்பிரிங் வந்தது. மணலில் கோடு கிழித்த நாளில் இருந்து கணக்குப் போட்டால் 36 ஆண்டுகள்.

இன்று ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் என்ன பார்க்கணும்?

இந்தக் கதை வெறும் வரலாறு இல்லை. இன்றைக்கு வொர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்தி, லிஃப்ட் கிட் மாட்டலாமா என்று யோசிப்பவருக்கும் இதில் சேதி இருக்கிறது.

முதலில் லோடு. வாரத்தில் 5 நாள் வண்டியில் எத்தனை பேர், எவ்வளவு சாமான் என்பதை வைத்துத்தான் ஸ்பிரிங்கைத் தேர்வு செய்யணும். வருஷத்துக்கு ஒரு தடவை போகும் டூருக்காக ஹெவி ட்யூட்டி ஸ்பிரிங் போட்டால், மீதி நாளெல்லாம் 1948 மாடல் லேண்ட் ரோவரில் போவது போலத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி குதிக்கும், இல்லையென்றால் அடிக்கும்.

மூன்றாவது, உயரம். வண்டியை உயர்த்தினால் கீழே எல்லாக் கோணமும் மாறும். பான்ஹார்டு ராடு உள்ள வண்டியில் ஆக்சில் ஒரு பக்கமாக நகரும். ஸ்டீயரிங்கின் காஸ்டர் கோணம் மாறி, நேர் ரோட்டிலேயே வண்டி அலையும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சாய்வு கூடி அதிர்வு வரும். பிரேக் ஹோஸ் இழுபடும். இதையெல்லாம் சேர்த்துச் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்துவது, பிளேட் ஸ்பிரிங் மேல் மெத்தை சீட்டுப் போட்ட கதைதான்.

பெரிய மாற்றங்களுக்குச் சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆர்டிஓ ஆபிஸில் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடணும்.

ஆங்கிள்சியில் இருந்து பனப்பாக்கம் வரை

2008-ல் லேண்ட் ரோவர், ஜாகுவார் இரண்டையும் இந்தியாவின் டாடா மோட்டார்ஸ் வாங்கியது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ், ஜாகுவார் லேண்ட் ரோவர் வாகனத் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை இல்லாமல் கிடந்த ஒரு தொழிற்சாலையைக் காப்பாற்ற மாரிஸ் யோசித்த வண்டியின் பெயர், இன்று தமிழ்நாட்டில் ஒரு தொழிற்சாலை வாசல் வரை வந்திருக்கிறது.

மாரிஸ் வில்க்ஸ் தன் கையில் இருந்ததை வைத்து, தன் காலத்துக்குச் சரியான வண்டியைச் செய்தார். மீதி இருந்த கணக்கை முடிக்க அவருக்கு ஆயுள் போதவில்லை. அவர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கை முடித்தவர்கள், அவருடைய மருமகனும் அவரோடு முதல் வண்டியில் வேலை பார்த்த இன்ஜினியரும்தான்.